பி.ஒய். வண்டி சீப்பா இருக்கே!

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் குறைஞ்சதால இதை எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். கடந்த ரெண்டரை மாசமா சனி, ஞாயிறு வந்தா எனக்கு ஒரே வேலைதான். பழைய கார் பார்க்கிறது. "பொண்ணு பார்த்தாச்சா?"ன்னு கேட்டுட்டு இருந்த சொந்தக்காரங்க எல்லாம் இப்போ "வண்டி அமைஞ்சுதா?"ன்னு கேட்கிறாங்க. அந்த அளவுக்கு போயிடுச்சு நிலைமை.

விஷயம் இதுதான். அம்மாவுக்கு மாசத்துல ரெண்டு தடவை ஜிப்மர் போகணும். எங்க ஊர் இரும்பைல இருந்து திருச்சிற்றம்பலம் கூட்ரோடு, அப்புறம் மொரட்டாண்டி, அதைத் தாண்டினா கோரிமேடு. தூரம்னு பார்த்தா ஒண்ணுமே இல்ல. ஆனா இடுப்புல ஆபரேஷன் ஆனவங்களால அப்பாவோட எக்ஸெல் பின்னாடி உட்கார முடியாது. விடியக்காலைக்கு ஆட்டோ சொல்லி வச்சா, வருமா வராதான்னு அப்பா ராத்திரி பூரா தூங்க மாட்டார். ஒருநாள் நிஜமாவே வரலை. அம்மா ஸ்கேன் பையை மடியில வச்சுக்கிட்டு திண்ணையில எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்தே இருந்தாங்க. அன்னிக்கு சாயந்திரமே அப்பா ஏலச்சீட்டை தள்ளி எடுத்துட்டார். "மூணு லட்சம். எல்லாச் செலவும் அதுக்குள்ள. லோன்னு வாயைத் தொறக்காத."

"நீதான் என்ஜினியராச்சே, நீயே பாரு"ன்னு பொறுப்பு என் தலைமேல விழுந்தது. நான் படிச்சது ஈ.சி.ஈ. பார்க்கிறது சாஃப்ட்வேர். வண்டி என்ஜினுக்கும் எனக்கும் இருக்கிற ஒரே சம்பந்தம் அந்த வார்த்தைதான். அப்பா இருபத்தஞ்சு வருஷம் மரக்காணம் உப்பு லோடு அடிச்ச லாரி டிரைவர். அவருக்கு ஆர்.சி. புக்கு, ஆப்பு, ஆன்லைன்னா அலர்ஜி. ஆக, காகிதம் என் பொறுப்பு, இரும்பு அவர் பொறுப்புன்னு பிரிச்சுக்கிட்டோம்.

இரும்பை தெரியாதவங்களுக்கு: ஆரோவில்லுக்கு பக்கத்து ஊர். ஞானசம்பந்தர் பாடின மாகாளேஸ்வரர் கோயில் இருக்கு. இருக்கிறது விழுப்புரம் மாவட்டம் வானூர் தாலுக்கா, அதாவது தமிழ்நாடு. ஆனா சாமான் வாங்கிறது, சினிமா பார்க்கிறது, ஆஸ்பத்திரி, எல்லாமே பாண்டிதான். எங்களுக்கு மாநில எல்லைங்கிறது ஒரு கோடு இல்ல, ஒரு ஸ்பீட் பிரேக்கர் மாதிரி. தினமும் தாண்டுவோம், கவனிக்க மாட்டோம். கார் வாங்கும்போதுதான் அந்தக் கோடு எவ்வளவு கெட்டியானதுன்னு தெரியும்.

ஏன்னா பாண்டியில பழைய கார் விலை அப்படி. ஒரே மாடல், ஒரே வருஷம், கிட்டத்தட்ட ஒரே கிலோமீட்டர். டி.என். நம்பர்னா ஒரு விலை, பி.ஒய். நம்பர்னா அதுல முப்பதாயிரம் நாப்பதாயிரம் கம்மி. எங்க தெருவுல யார்கிட்ட கேட்டாலும் "பி.ஒய். வண்டியா பாரு தம்பி, சீப்பு"ன்னுதான் சொன்னாங்க.

சீப்புக்கு காரணம் வண்டி இல்ல, வரி. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல ஆயுட்கால வரியை ஏத்தினாங்க. புது கார் 5 லட்சம் வரைக்கும் 12 சதவீதம், 5ல இருந்து 10 லட்சம் வரை 13, 10ல இருந்து 20 வரை 18, அதுக்கு மேல 20. அதுக்கு முன்னாடி 10 லட்சம் வரைக்கும் 10, மேல போனா 15ன்னு இருந்தது. புதுச்சேரியில வரி இதைவிட ரொம்ப கம்மி. 2017ல கேரளாவுல இது பெரிய செய்தியாச்சே, ஞாபகம் இருக்கா? கோடி ரூபா கார்களை பாண்டி முகவரியில பதிவு பண்ணி கேரளாவுல ஓட்டுறாங்கன்னு சினிமாக்காரங்க பேரெல்லாம் அடிபட்டது. நடிகர் ஃபகத் பாசில் பிறகு கேரளாவுலயே வரியைக் கட்டினார். 2024 ஜூன்ல நாகாலாந்து, அருணாசலம், பாண்டி நம்பர் ஆம்னி பஸ்ஸுங்களை தமிழ்நாடு நிறுத்தினதும் இதே தகராறோட இன்னொரு கிளைதான். பெரிய வண்டி, பெரிய ஆளுங்க விஷயம்னு நினைச்சுட்டு இருந்தேன். எங்கம்மா ஜிப்மர் போற மூணு லட்ச ரூபா வண்டிக்கும் அதே கோடுதான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47 சொல்றது எளிமையான விஷயம். ஒரு மாநிலத்துல பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா, அந்த ஊர் நம்பருக்கு மாத்தியே ஆகணும். மாத்தணும்னா முதல்ல பழைய ஆர்.டி.ஓ.கிட்ட தடையில்லாச் சான்று, நாம என்.ஓ.சி.ன்னு சொல்றது. அதுக்கு ஃபார்ம் 28. அப்புறம் இங்க வந்து புது நம்பருக்கு ஃபார்ம் 27, கூடவே தமிழ்நாட்டு வரி. இந்த வரியில ஒரு சூட்சுமம் இருக்கு. வண்டி வயசு ஏற ஏற விகிதம் இறங்கும், சரி. ஆனா கணக்கு போடறது நாம கொடுக்கிற விலையில இல்ல, அந்த வண்டி புதுசா ஷோரூமை விட்டு வந்தப்ப என்ன விலையோ அதுல. நான் விசாரிச்சு கணக்கு போட்டு பார்த்ததுல, பி.ஒய். வண்டின்னு எவ்வளவு குறைச்சு சொல்றாங்களோ கிட்டத்தட்ட அவ்வளவும் வரிக்கே போயிடுது. மிச்சம் அலைச்சல்.

"அப்ப ஊர்ல அத்தனை பேர் பி.ஒய். வண்டி வச்சிருக்காங்களே?"ன்னு அப்பா கேட்டார். மாத்தாமலே ஓட்டிட்டு இருக்காங்க, அவ்வளவுதான். மாட்டாத வரைக்கும் சீப்பு.

நிற்க. வண்டிங்களுக்கு வருவோம்.

முதல் வண்டி பாண்டியில ஒரு புரோக்கர்கிட்ட. 2014 ஸ்விஃப்ட். விலை 2.40 லட்சம். "ரிட்டயர்டு டீச்சர் வச்சிருந்தது சார். ஒரே கை. ஸ்கூலுக்கும் வீட்டுக்கும்தான் ஓடுச்சு." (இந்த ரிட்டயர்டு டீச்சர் இல்லேன்னா இந்தியாவுல பழைய கார் வியாபாரமே நடக்காது போல.) அவர் பேசிட்டு இருக்கும்போதே எம்பரிவாகன் ஆப்புல நம்பரை தட்டினேன். ஓனர் பேரை நட்சத்திரம் போட்டு மறைச்சுதான் காட்டும். ஆனா எத்தனாவது ஓனர், எப்ப பதிவு, இன்சூரன்ஸ் எது வரைக்கும், கடன் பாக்கி பதிவு இருக்கா, எல்லாம் வந்துடும். எங்க பாஷையில சொல்லணும்னா வண்டியோட கிட் லாக். டீச்சரம்மா மூணாவது ஓனர். மேல ஒரு நிதி நிறுவனத்தோட ஹைப்பாதிகேஷன். இ-சலான் பக்கத்துல போய் பார்த்தா வேகமா போனதுக்கு ரெண்டு, சிக்னல் தாண்டினதுக்கு ஒண்ணு. டீச்சரம்மா பலே ஆள்தான் :-)

"பழைய ஓனர்கிட்ட ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட் வாங்கித் தர முடியுமாண்ணே?"ன்னு கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதை நான் எல்லாருக்கும் சிபாரிசு பண்ணுவேன். மீட்டரைச் சுத்தி வைக்கிறது பத்து நிமிஷ வேலை. எந்த டோல்கேட்டை எந்தத் தேதியில வண்டி தாண்டுச்சுங்கிறது பேங்க் கணக்குல இருக்கு. அதை யாராலயும் சுத்த முடியாது.

இதுக்குள்ள அப்பா சீட் பெல்ட்டை உருவிட்டு இருந்தார். முழுசா, கடைசி வரைக்கும். சாதாரணமா யாரும் உருவாத அந்தக் கடைசி ஒரு முழத்துல காவி நிறத்துல ஒரு கோடு. ஸ்டெப்னியை தூக்கினா அடியில வண்டல் மாதிரி காஞ்ச மண்ணு. அப்பா ஒண்ணுமே பேசாம டிக்கியை சாத்திட்டு "வாடா போலாம்"னார்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துலதான் கரை கடந்தது. ஒரே நாள்ல பாண்டியில 46 செ.மீ.க்கும் மேல மழை. கிருஷ்ணா நகர்ல ராணுவம் வந்து ஜனங்களை மீட்டாங்க. அன்னிக்கு வீதிவீதியா தண்ணியில நின்ன கார்கள் எல்லாம் எங்க போச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்கு அப்புறமும் இதேதான். இன்சூரன்ஸ்ல 'டோட்டல் லாஸ்' போட்ட வண்டி ஏலத்துக்கு போகும். யாராவது எடுத்து, காய வச்சு, சீட் துணி மாத்தி, வாசனை ஸ்ப்ரே அடிச்சு, வேற ஊர்ல நிறுத்துவாங்க. என்ஜின்ல தண்ணி போனதைக்கூட சரி பண்ணிடலாம். ஒயரிங்ல போனது ஆறு மாசம் கழிச்சு, நடுரோட்டுல, ராத்திரியில சொல்லும். அந்த ஸ்விஃப்ட் புயல்ல நின்ன வண்டியான்னு நிரூபிக்க எனக்கு வழியில்ல. அந்தக் காவிக் கோடு எங்க ரெண்டு பேருக்கும் போதுமானதா இருந்தது.

ரெண்டாவது வண்டிதான் என்னை ரொம்ப சோதிச்சது. மரக்காணத்துல, அப்பாவுக்கு பழக்கமான ஒரு உப்பு வியாபாரியோடது. 2016 வேகன் ஆர். டி.என். நம்பர். முதல் ஓனர். கடன் கிடையாது. சலான் கிடையாது. சர்வீஸ் பில் ஒவ்வொண்ணும் பிளாஸ்டிக் கவர்ல தேதிவாரியா. டயர்ல நாலு இலக்கத்துல வாரமும் வருஷமும் போட்டிருக்கும் பாருங்க ('2319'ன்னா 2019ல 23வது வாரம்), அதுகூட பில்லோட ஒத்துப்போகுது. நான் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி வச்சிருந்த ஓ.பி.டி. ஸ்கேனரை சொருகி பார்த்தேன். எரர் கோட் ஏதும் இல்ல. சில பேர் நாம வர்றதுக்கு முன்னாடி கோடை அழிச்சுட்டு நிறுத்துவாங்க. அப்படி அழிச்சிருந்தா ரெடினஸ் டெஸ்டெல்லாம் முடியலைன்னு காட்டும், அதுவும் இல்ல. காகிதத்துல இதைவிட சுத்தமான வண்டி நான் பார்க்கவே இல்ல. மனசுக்குள்ள அம்மாவை பின் சீட்ல உட்கார வச்சே பார்த்துட்டேன்.

அப்பா ஒரு சாக்கை விரிச்சு வண்டிக்கு அடியில படுத்தார். கையில ஸ்க்ரூ டிரைவரோட பின்பக்கம். டொக், டொக், டொக். கதவு ஓரத்துக்கு அடியில, சில்லு பக்கம், சஸ்பென்ஷன் மாட்டியிருக்கிற இடத்துல. நான் நின்னுட்டு இருந்த இடத்துலயே சத்தம் மாறினது கேட்டுது. டொக் போய் 'பொத்'துன்னு ஆச்சு. இன்னொரு தட்டு. மிக்சர் உதிர்ற மாதிரி உதிர்ந்தது.

மரக்காணம் பக்கம் போனவங்களுக்கு தெரியும். ஈ.சி.ஆர். ஓரத்துல பாத்தி பாத்தியா வெள்ளை. கோடையில கடல்காத்து வீசினா உதட்டை நாக்கால தொட்டாலே உப்பு கரிக்கும். உப்பளத்துக்குள்ள தினமும் போய் வர்ற வண்டிக்கு அடியில ஈர உப்பு ஒட்டிக்கிட்டே இருக்கும். உப்பு காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுத்து வச்சுக்கும், அதனால தகடு காயவே காயாது. மேல பெயின்ட் பளபளன்னு இருக்க, கீழ தகடு பிஸ்கட்டா ஆயிடும். இது எந்த ஆப்புலயும் வராது. அந்தப் பெரியவர் பொய்யே சொல்லலை, அவர் வண்டிக்கு அடியில படுத்ததே இல்ல. அப்பா எழுந்து, சட்டையை தட்டிக்கிட்டு, அவர் மனசு கோணாம "சம்சாரத்துக்கு ஏற இறங்க இன்னும் கொஞ்சம் தாழ்வா பார்க்கிறோங்க"ன்னு சொல்லிட்டு வந்தார். வழியில என்கிட்ட மட்டும், "சப்பை வெல்டிங் போட்டு ஓட்டலாம். ஆனா உங்கம்மாவை வச்சு ஓட்ட மாட்டேன்"னார். ஊர் பேரு இரும்பையா இருந்து என்ன, உப்புக்கு முன்னாடி எல்லா இரும்பும் ஒண்ணுதான்னு நான் கடி ஜோக் அடிச்சேன். அவர் சிரிக்கலை.

நடுவுல 2011 மாடல் ஒண்ணு 1.30க்கு வந்தது. சொந்த வண்டிக்கு பதிவு 15 வருஷம்தான். அதுக்கு அப்புறம் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு அந்தக் கட்டணம் 600ல இருந்து 5,000 ஆயிடுச்சு. 20 வருஷம் தாண்டினா 10,000ன்னு 2025 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க. பசுமை வரி தனி. வேணாம்னு விட்டுட்டோம்.

இன்னொரு புரளியையும் இங்கேயே முடிச்சுடறேன். "பழைய கார் வாங்கினா 18 பர்சன்ட் ஜி.எஸ்.டி.யாமே"ன்னு எங்க சித்தப்பா பயமுறுத்தினார். 2024 டிசம்பர்ல ஜெய்சல்மேர்ல நடந்த ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு அது. பதிவு பெற்ற வியாபாரி விக்கும்போது, அவருக்கு நிக்கிற லாபத்துல மட்டும் 18 சதவீதம். சொந்தமா ஒருத்தர் வச்சிருந்ததை நாம நேரா வாங்கினா அது கிடையாது.

மூணாவது வண்டி 2017 செலேரியோ. பி.ஒய். நம்பரேதான். லாஸ்பேட்டையில ஒரு அரசு ஊழியர். ரிட்டயர் ஆகி சென்னையில மக வீட்டோட போறார். (ஆமா, ரிட்டயர்டு. ஆனா டீச்சர் இல்ல.) ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட் கேட்டதும் செல்லை எடுத்து கையில கொடுத்துட்டார். மாசம் ஒரு தடவை மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர். ரெண்டு நாள் கழிச்சு பரனூர், ஆத்தூர், மொரட்டாண்டி. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போற தாத்தாவோட வாழ்க்கை அப்படியே தெரிஞ்சுது. போக வர 320 கிலோமீட்டர்னு வச்சு பெருக்கி, ஊருக்குள்ள ஓடினதையும் சேர்த்து பார்த்தேன். மீட்டர் 46,000 காட்டினது நம்புற மாதிரிதான் இருந்தது. அப்பா அடியில படுத்தார். முழுக்க டொக். ஒரு இடத்துல கூட பொத் இல்ல.

ஆனா ஆர்.சி.யில கடன் இன்னும் நிக்குது. அவர் கடனை கட்டி முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. பேங்க்ல லெட்டரும் வாங்கி பீரோவுல வச்சிருக்கார். ஆர்.டி.ஓ.வுல கொடுத்து நீக்கணும்ங்கிறது அவருக்கு யாரும் சொல்லலை. பேங்க் கையெழுத்து போட்ட ஃபார்ம் 35 கொடுத்தாதான் அந்தப் பேரு போகும். அது போகாம என்.ஓ.சி. நகராது. பேங்க் கொடுக்கிற காகிதத்துக்கு காலக்கெடு இருக்கிறதால அவர் திரும்பப் போய் புதுசா வாங்க வேண்டியதாச்சு.

"எதுக்கு தம்பி இவ்வளவு? நான் ஃபார்ம் 29, 30 எல்லாத்துலயும் கையெழுத்து போட்டு கொடுத்துடறேன். நீங்க நிதானமா பேரு மாத்திக்குங்க"ன்னார். நல்ல மனுஷன். அதனாலதான் சொன்னேன்: "ஐயா, இது எங்களைவிட உங்களுக்குத்தான் ஆபத்து." 2018 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு கொடுத்தது. கார் கைமாறிக் கைமாறி போயிருக்கு, ஆர்.சி.யில மட்டும் முதல்ல வித்தவர் பேரே நிக்குது. 2009ல விபத்து, உயிர்ச்சேதம். நஷ்டஈடு கட்ட வேண்டியது ஆர்.சி.யில பேர் இருக்கிறவர்தான்னு கோர்ட் சொல்லிடுச்சு. நான் எப்பவோ வித்துட்டேனேங்கிறது எடுபடலை. இதைச் சொன்னதும் அவர் சம்சாரம் உள்ள இருந்து வெளிய வந்துட்டாங்க. "தம்பி சொல்ற மாதிரியே செய்யுங்க"ன்னு அவருக்கு உத்தரவு ஆச்சு.

பேசி முடிச்ச விதம் இது. பத்தாயிரம் மட்டும் அட்வான்ஸ், வெள்ளைப் பேப்பர்ல எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து. கடன் நீக்கி, என்.ஓ.சி. கைக்கு வந்த அன்னிக்குத்தான் மிச்சம். தமிழ்நாட்டு வரியை அவர் விலையில கழிச்சுக்கணும். இங்கதான் கொஞ்சம் இழுபறி. 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி.யை 18 சதவீதமா குறைச்சதுல புது கார் விலையே இறங்கிடுச்சு, பழசு அதே விலைக்கு நிக்காதுன்னு நான் எடுத்துவிட்டேன். அவர் பாதி வரியை ஏத்துக்கிட்டார். மீதிப் பாதி எங்க பட்ஜெட்டுக்குள்ள அடங்குச்சு. எல்லாம் சேர்த்து 2,96,000.

புரோக்கர் ஒருத்தர் "ஆர்.டி.ஓ. செலவு பன்னெண்டாயிரம் ஆகும், நான் பார்த்துக்கறேன்"னு வந்தார். மத்திய அரசு விதிப்படி சொந்தக் காருக்கு புது நம்பர் கட்டணம் 600, பேர் மாத்த அதுல பாதி 300, ஸ்மார்ட் கார்டுக்கு 200. கூட மாநில சேவைக் கட்டணம் கொஞ்சம். வரியைத் தவிர்த்துப் பார்த்தா அரசாங்கத்துக்குப் போறது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வரிசையில நிக்கிறதுக்கு கூலி. நான் ரெண்டு நாள் லீவு போட்டு நின்னேன். சேஸிஸ் நம்பர் மேல பேப்பர் வச்சு பென்சில்ல தேய்ச்சு எடுக்கணும், அதை அப்பா எடுத்தார். ஆர்.சி.யில இருக்கிறதோட ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டு ஒப்பிச்சு சரிபார்த்தார், ரெண்டு தடவை.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள நம்ம பேருக்கு மாத்த மனு கொடுத்துடுங்க. இல்லேன்னா அடுத்தவங்களுக்கு ஏற்படுற சேதத்துக்கு பாலிசி நிக்கும், நம்ம வண்டி சேதத்துக்கு நிக்காது. நோ க்ளெய்ம் போனஸ் வண்டியோட வராது, அது பழைய ஓனரோடவே போயிடும். அவரோட ஃபாஸ்டேக்கையும் அவரே மூடணும், நாம புதுசு ஒட்டிக்கணும்.

2024 பிப்ரவரி கடைசியில இருந்து தமிழ்நாட்டுல ஆர்.சி.யை கவுன்டர்ல கையில தர்றதில்ல, ஸ்பீட் போஸ்ட்ல வீட்டுக்கே வருது. போன வாரம் வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அம்மா பேரு, அவர் பேரு, இரும்பை, எல்லாம் சரியா இருக்கான்னு படிச்சார். அப்புறம் புது நம்பரை விரல் விட்டு கூட்டினார். முகம் சுருங்கிடுச்சு.

"எட்டு வருதுடா."

அம்மா அடுப்படியில இருந்து, "ஜிப்மருக்குத்தான போறோம், தேருக்கா போறோம்? ஆறு மணிக்கு வண்டியை எடுங்க போதும்"னாங்க.